குழாயடி மண்ணின் வைரஸ்

ஆகஸ்ட் 3
விடாத மழை. பிரிக்பீல்ட்ஸ் சாக்கடை பொங்கி, ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பின்வாசல்வரை தண்ணீர். ஈரச்சட்டையோடு ஆய்வுக்கூடம்.

எக்ஸ்ரே பிலிம் கழுவினேன். கோடு கோடாக வந்திருக்கிறது. A, C, G, T என்று வாய்விட்டுப் படித்து நோட்டில் எழுதினேன். என் வைரஸின் ஜீனோம், அதன் முழு மரபணு வரிசை, இன்னும் பாதிகூட ஆகவில்லை. மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும். மாஸ்டர்ஸும் அதோடு.

அம்மாவிடம் சொன்னேன்: பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ், நம் குழாயடி மண்ணில்தான் கிடைத்தது.

"நான் மீன் கழுவி ஊத்துற மண்ணுடா அது. அதுக்கா இத்தன வருசம் படிச்சே?"

ஆகஸ்ட் 9
வாங்க: பேட்டரி, சவர பிளேடு, அம்மாவுக்குத் தைலம்.
வீட்டைக் காலி செய்யச் சொல்லி இரண்டாவது கடிதம். புது ஸ்டேஷன் வருகிறதாம். அப்பா தண்டவாளத்தில் உழைத்தே செத்தார். அவர் வீட்டுக்கு இரண்டு பத்தி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

ஆகஸ்ட் 14
போச்சு.
யாரோ வி.ஐ.பி. வருகிறார் என்று நேற்று ஆய்வுக்கூட பிரிட்ஜைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். என் வைரஸ் இருந்த ஆறு குப்பிகளும் ஆட்டோகிளேவ் நீராவியில் வெந்து குப்பைக்குப் போயின. எடுத்து வைத்த டி.என்.ஏ.வும் அதே ரேக்கில்.

மூடியில் தமிழில் எழுதியிருந்தேன். போன வருடம் ஒரு சீனியர் என் சாம்பிளைக் கேட்காமல் எடுத்துத் தீர்த்தார். இனி யாருக்கும் புரியக் கூடாது என்று வந்த புத்தி. ரெஜிஸ்டரிலும் பதியவில்லை.

தூக்கிப் போட்டவர் ஆய்வுக்கூட அதிகாரி சிவா சார். பணக்காரப் பங்சாரில் வீடு, யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கவர்மென்ட் வேலை.

"வாட் மேன், ஏதோ கிறுக்கி வச்சிருக்கிறீர். பழைய குப்பை எண்டு நினைச்சன் லா."
"சார், அது தமிழ்."
"எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு உமக்குத் தெரியாதா?"

தெரியாது, சத்தியமாக. கோயில் கமிட்டியில் இருக்கிறார், தேவாரம் பாடுவார். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்துத்தானாம்.

ஆகஸ்ட் 16
மறுபடி மண் எடு என்கிறார் என் ஆய்வு வழிகாட்டி டாக்டர். எங்கே எடுக்க? குவார்ட்டர்ஸ் பின்வரிசையை இடிக்கிறார்கள். குழாயடி மண்ணை நேற்றே லோரியில் வாரிவிட்டார்கள்.

லோரி டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, இந்த மண்ண எங்க கொட்டுறீங்க?"
"கிள்ளான் பக்கம். பள்ளத்த ரொப்புறாங்க. என்னா தம்பி, மோதிரம் கீதிரம் விழுந்துருச்சா?"

ஆகஸ்ட் 17
கிள்ளான். இரண்டு பஸ், பிறகு நடை. மண் மலை மலையாக. செங்கல் தூள், உடைந்த ஓடு, பிளாஸ்டிக் பூ. எது எங்கள் மண்? மூன்று பை அள்ளினேன். காவலாளி சிரித்தான்.

ஆகஸ்ட் 24
வெயில். மூன்று பை மண்ணையும் ஒன்பது பாக்டீரியாத் தட்டுகளில் சோதித்தேன். வைரஸ் இருந்தால், பாக்டீரியாவைத் தின்ற இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். ஒன்பதிலும் பாக்டீரியா பால் ஏடு மாதிரி, ஓட்டையில்லாமல் படர்ந்திருக்கிறது. கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம். தட்டுமில்லை, மண்ணுமில்லை.

மூடிகளில் இங்கிலீஷில் எழுதினேன். எண், தேதி, நெகடிவ்.

சிவா சார் எட்டிப் பார்த்தார். "குட். இப்ப விளங்குது."