பக்கீரை நினைத்துப் பார்

காத்தான்குடி,
ஞாயிறு.

அன்புத் தங்கச்சி றபீக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். காக்காதான் எழுதுகிறேன். நீ ஃபோன் எடுக்காததால், டோஹாவுக்குத் திரும்பும் றிப்ஷானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பெருநாள் கழிந்ததிலிருந்து கருவாட்டு வியாபாரம் மந்தம். பெரியகல்லாற்றிலிருந்து வருவதே குறைவு. மகள் சஹ்லாவும் உன் இஷாமும் குடியிருக்கவென்று வாவிக்கரையில் கட்டிய வீட்டுக்குப் பெயின்ற் அடித்து முடிந்துவிட்டது. பூட்டி வைத்திருக்கிறேன்.

கடைசியாகக் கதைத்து, இந்தக் கலியாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது, “பெரிய இடம் கிடைச்சிட்டுப் போல காக்கா, அதான் ரத்தத்தச் சாட்டுறீங்க” என்றாய். சந்தையிலும் அதே கதைதான். நான் லாபம் பார்ப்பவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் மகனைவிடப் பெரிய இடம் எனக்கில்லை. இஷாம் அங்கே எடுத்த றிப்போட்டிலும் என் மகளுடையதில் உள்ளதுதான் இருக்கிறது: தலசீமியா. இருவருக்கும் நோய் இல்லை, இரத்தத்தில் ஒளிந்திருக்கிறது. இருவரும் கலியாணம் முடித்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நோய் வந்த பிள்ளையை மாதாமாதம் இரத்தம் ஏற்றித்தான் வளர்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

“மூணு புள்ள நல்லாப் பிறக்கும்தானே” என்றாய். அப்படி வரிசை வைத்து வராதாம். முதல் பிள்ளைக்கே வரலாம், எல்லாப் பிள்ளைக்கும் வரலாம். நாலு மூட்டைக் கருவாட்டில் ஒன்று பழுதென்றால் விலையைக் குறைத்து வாங்கிவிடுவேன். பிள்ளையில் அந்தக் கணக்குப் பார்க்க என்னால் ஏலாது.

வாப்பாவும் உம்மாவும் சொந்தத்தில் முடித்த மச்சான் மச்சிதானே. தம்பி பக்கீர் எப்படி வெளிறி, வயிறு வீங்கிக் கிடந்தான்! கண்ணூறு என்று உம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்தா. அவனை இடுப்பைவிட்டு இறக்காமல் திரிந்தவள் நீ. அவன் மௌத்தாகி, அடக்கிய பிறகும் கொஞ்ச நாள் இடுப்பைச் சாய்த்தே நடந்தாய்.

சஹ்லா என்னோடு கதைப்பதில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். அவளுடைய உம்மா உயிரோடு இருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பா. எனக்கு மனக்கஷ்டம் என்றால் முன்பெல்லாம் உனக்குத்தான் ஃபோன் எடுப்பேன்.

இஷாமுக்கு வெளியில் பெண் பார். அவளுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல். அவளிடம் இது இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. நிக்காஹ்வுக்கு எனக்கும் ஒரு சொல் சொல்லு. மாமனாராக இருக்க வேண்டியவன், தாய்மாமனாக வந்து சஹன் தட்டைச் சுற்றி நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

ஓடி விளையாடி வியர்த்து வரும் பேரப்பிள்ளைகளை அல்லாஹ் உனக்குத் தரட்டும்.

உன் காக்கா,
பாறூக்