வெட்டு மேசைக்கு மேலே மஞ்சள் விளக்கு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்து உன் கதவுக்கடியில் கடிதம் தள்ளுகிறேன். நேரில் பேசினால் கத்திவிடுவேன்.

கறுப்பு பேண்ட்டுக்குக் கருநீலத் துணியில் கோட்டு வெட்டியது நான்தான். தப்புதான். ஆனால் உன் புது மஞ்சள் விளக்கில் இரண்டும் ஒரே நிறம். நம் தையல் கடை அழகாக இருக்க வேண்டுமென்று என் மேசைக்கு நேராக இருந்த ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தாய். இருந்த வெள்ளை விளக்கையும் கழற்றி, வருகிறவர்கள் உடுத்திப் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே மாட்டினாய். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண் மத்தியானமே தூங்கி வழிகிறாள். எனக்குத் தினமும் தலைவலி. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதைக்கூட விடு. எல்லார் முன்னாலும், "அக்காவுக்குக் கண்ணு பிடரியில இருக்கு, இனிமே பட்டன் தைக்கட்டும்" என்றாயே! அப்பா போன பிறகு அந்த மேசையில் நின்று கடையைக் காப்பாற்றியவள் நான். அவர்கள் முன்னாலேயே அந்த வார்த்தையைத் திரும்ப எடு.

அக்கா

மார்ச் 5

அக்காவுக்கு,

கோட்டுக்காரர் வெயிலில் நின்று உதறிக் காட்டியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. போனது என் மானம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேறு யாராவது விளக்கைக் குறை சொன்னார்களா? போய்க் கண் டாக்டரைப் பார்.

தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

பார்த்தேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். வேலை செய்கிற இடத்தில் வெளிச்சம் எப்படி என்றுதான் அவர் முதலில் கேட்டார். மற்றவர்கள் பேசாமல் இருப்பது உன் வாய்க்குப் பயந்து. நீ ஒரு நாள் என் மேசையில் நின்று வெட்டிப் பார். அதுவரை நான் வரமாட்டேன்.

அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

வெட்டினேன். பழுப்புச் சட்டைக்குச் சாம்பல் நிறக் காலர் வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் நானே பிரித்தேன். கண்ணெல்லாம் எரிச்சல். விளக்கை மாற்றியாகிவிட்டது, ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் அப்புறம் எவன் என்னை மதிப்பான்? இந்தக் கடிதத்தோடு முடித்துக்கொள்வோம். திங்கட்கிழமை வா.

உன் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

விளக்கை மாற்றியது நல்லது. அங்கே இருக்கிறவர்களாவது தலைவலி இல்லாமல் தைக்கட்டும்.

உன் தப்பை ஓசையில்லாமல் பிரித்துவிட்டாய். என் தப்பைத் தெருவுக்கே சொன்னாய். திட்டுவது ஊரறிய, மன்னிப்பு மட்டும் ரகசியமா?

திங்கட்கிழமை முதல் அடுத்த தெருக் கடையில் வெட்டப் போகிறேன். வழக்கமாக வருகிறவர்கள் என்னைக் கேட்பார்கள். ஏன் போனேன் என்று நீயே சொல்.

அக்கா