வலது பக்கக் கார்புரேட்டர்

மார்ச் 3, செவ்வாய்

மூன்று கட்டிடம், நான்கு பம்ப் மோட்டார், ஒரு ஜெனரேட்டர். எட்டாவது மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முழங்கால் யாருடையதோ மாதிரி இருக்கிறது.

சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா போன். வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்களாம், பின்பக்க ஷெட்டைக் காலி பண்ண வேண்டும். "சின்னத் தம்பி பைக் உள்ளயே கிடக்கு. ஒம்பது வருஷமாச்சு. பழைய இரும்புக்குப் போட்டுடவா, நீ எடுத்துக்கிறியா?"

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். அண்ணன் கைவச்ச வண்டி, அண்ணனே பாத்துக்கட்டும்னான்."

எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வண்டி வந்து இறங்கியது. கீழே பார்க்கிங்கின் கோடியில் நிறுத்தியிருக்கிறேன். ஹேண்டில்பார் கோணல். வலது பக்கக் கால்மிதி மடங்கியது மடங்கியபடி. அன்றைக்குத் தூக்கிவந்து ஷெட்டில் தள்ளியதோடு சரி, யாரும் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

ஒரு தடவையாவது வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது நான் பைக் மெக்கானிக், இந்தக் கட்டிடப் பராமரிப்பு வேலைக்கு வந்திருக்கவில்லை. தம்பி எலெக்ட்ரீஷியன், வீடு வீடாக வயரிங் எடுப்பான். வண்டி அப்போதே பழசு. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இரண்டும் சேர்ந்து மூச்சுவிட்டால்தான் ஒழுங்காக ஓடும். இழுக்கவில்லை என்று கொண்டுவந்தான். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை வளைவில் திரும்பாமல் நேராகப் போய் மதில் சுவரில் மோதினான். வலது தொடையில் இரண்டு இடத்தில் முறிவு. அந்தக் கால் இப்போது இரண்டு விரற்கடை குட்டை. ஏணி ஏற முடியாது. விளக்குக் கடையில் உட்கார்ந்து பல்பு எரிகிறதா என்று பார்த்துக் கொடுக்கிறான்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் சொன்னது: "ஆக்ஸிலேட்டர விட்டுட்டேன்ணா. வண்டி விடல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "அப்படி ஆக வழியே இல்ல. நான் செட் பண்ணின வண்டி."

அவ்வளவுதான். அப்பா என் பேச்சை நம்பினார். கண்மண் தெரியாமல் ஓட்டிவிட்டு வண்டிமேல் பழி போடுகிறான் என்று ஊரெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு தம்பி என்னிடம் பேசியதெல்லாம் "சாப்பிட்டாச்சா", "கிளம்பறேன்", இந்த இரண்டும்தான்.

மார்ச் 10, செவ்வாய்

பம்ப் ரூமில் தண்ணீர் புகுந்துவிட்டது. நாள் முழுக்க வாளியும் கையுமாக. வண்டியைத் தொடவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிவிட்டேன். ஒன்பது வருஷத்துப் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருக்கிறது. பழைய வார்னிஷ் வாடை, இன்னும் விரலைவிட்டுப் போகவில்லை.

நான் பார்க்க விரும்பியது ஸ்லைடைத்தான். உள்ளே ஏறி இறங்குகிற சின்ன உருளை அது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மேலே போகும், விட்டால் ஸ்பிரிங் கீழே தள்ளும். கீழே இறங்கவில்லை என்றால் வண்டி வேகம் குறையாது. தம்பி சொன்னது அதைத்தான்.

இரண்டு ஸ்லைடும் சிக்கிக்கொண்டுதான் இருந்தன. பிசின். ஒன்பது வருஷம் நின்றால் எதுவும் ஒட்டத்தான் செய்யும், இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஊறவைத்தேன். பெட்ரோல் வருகிற ஜெட் துளைகளில் ஒற்றைச் செம்புக் கம்பி விட்டு அடைப்பெடுத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மிதவைத் தொட்டியைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு ஸ்லைடை உள்ளே போட்டு விரலை எடுத்தேன். டக்கென்று கீழே விழுந்தது. இடது, வலது, இரண்டும். பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் விழுந்தது.

மார்ச் 16, திங்கள்

ராத்திரி நன்றாகத் தூங்கினேன். எத்தனை நாளாச்சு.

மார்ச் 22, ஞாயிறு

எஞ்சினில் மாட்டினேன். இடது பக்கம் சரி. வலது பக்கத்தில் இரண்டு நட்டையும் இறுக்கிவிட்டுக் கேபிளை இழுத்து விட்டேன். ஸ்லைடு முக்கால்வாசியில் நின்றுவிட்டது.

நட்டைத் தளர்த்தினேன். டக்.

இறுக்கினேன். நின்றது. தளர்த்தினேன், விழுந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பார்க்கிங்கில் கார் கழுவுகிறவர் வந்து, தண்ணி வேணுமா சார் என்று கேட்டார்.

கழற்றி, எஞ்சினோடு ஒட்டுகிற முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிகிறது. முகம் வளைந்திருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் அப்படித்தான் வளையும். வளைந்த முகத்தை எஞ்சினோடு இறுக்கினால் உள்துளையும் கோணும், ஸ்லைடு சிக்கும். எனக்குத் தெரியாததா? அந்த வெள்ளிக்கிழமை அந்த ஜாயின்ட்டில் காற்றுக் கசிந்தது. வாஷர் மாற்றச் சோம்பல்பட்டு இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று இறுக்கினது நான்தான். கைக்கு ஞாபகம் இருக்கு.

மார்ச் 23, திங்கள்

மோதினதில்கூட வளைந்திருக்கலாம், இல்லையா? வலது பக்கம்தானே விழுந்தது.

விடிந்ததும் கீழே போய் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கமாகப் பளபளவென்று உரசின கோடு, போன வாரம் கண்ணில் படவில்லை. நின்றுபோன வண்டியில் அந்தக் கோடு விழாது. ஓடும்போது மேலும் கீழும் உரசி உரசி விழுந்தது. சுவரில் மோதுவதற்கு முன்னாலேயே அது சிக்கிக்கொண்டிருந்தது.

அவன் பொய் சொல்லலை.

மார்ச் 26, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டேன். தைத்துக்கொண்டே கேட்டாள், மெஷினை நிறுத்தவில்லை. முடிந்ததும் நூலைக் கடித்துவிட்டு, "ஸ்கேல் வச்சு எனக்குக் காட்ட வேண்டாம், போய்த் தம்பிகிட்ட காட்டுங்க" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

போனேன். கடை மூடுகிற நேரம். தொங்கவிட்ட விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான். நான் கார்புரேட்டரையும் ஸ்கேலையும் மேஜைமேல் வைத்தேன். பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஸ்கேலை வைத்துக் காட்டினேன். கோட்டைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் விரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்புறமாவது கழட்டிப் பாத்தியா?"

"பாக்கல."

"ஏன்?"

"பயந்துட்டேன்டா. பாத்தா தப்பு என்னுதா இருந்துடுமோன்னு."

"அரை மணி நேர வேலைண்ணா." குரலை உயர்த்தவே இல்லை. "அரை மணி நேரம். நான் ஒம்பது வருஷமா எனக்கே சொல்லிட்டிருக்கேன், நாமதான் சரியா விடலையோ, கை தப்பாப் பட்டிருக்குமோன்னு. கனவுல எல்லாம் கைய விட்டு விட்டுப் பாக்கறேன்."

நான் மன்னிப்பு கேட்டேன். மிச்ச விளக்குகளையும் அணைத்தான். நான் கிளம்பும்போது, "அப்பாகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா இப்பவும் நம்ப மாட்டார்" என்றான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா வீட்டு முன்னறை. சாமான்கள் பாதி மூட்டை கட்டியாகிவிட்டன. அப்பா கட்டிலில், அக்கா வாசற்படியில், தம்பி ஜன்னலோரம் நின்றபடி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

சொன்னேன். சுற்றி வளைக்காமல், நான் இறுக்கினது, அதனால் சிக்கினது, அவன் அன்றைக்குச் சொன்னது உண்மை. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அக்கா அழுதாள். அப்பாவுக்குக் காது மந்தம், மறுபடி சொல் என்றார். மறுபடி, இன்னும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியைப் பார்த்து, "கால் இன்னும் வலிக்குதாடா?" என்றார்.

"மழை வந்தா வலிக்கும்பா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையேப்பா."



ஏப்ரல் 8, புதன்

உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்கள். தோள் மாற்றினது போலத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் பார்க்கிங்குக்குப் போனால் தம்பி நிற்கிறான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை.

"என்ன பண்ணப்போற இத?"

"நீ சொல்றத."

"ஓட்டற மாதிரி பண்ணு" என்று சொல்லிவிட்டு ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, கார்புரேட்டரின் வளைந்த முகத்தை எட்டுப் போடுகிற மாதிரிச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். கை வலித்து நிறுத்தினால் அவன் பார்ப்பான், மறுபடி தேய்ப்பேன். ஸ்கேலை அவனே வாங்கி வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றான். மத்தியானம் ஆகிவிட்டது. புது வாஷர் போட்டேன். ஸ்பானரை நீட்டினேன். தயங்கினான், பிறகு வாங்கி இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். கேபிளை இழுத்து விட்டோம். விழுந்தது. தளர்த்தாமலே விழுந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஹேண்டில்பார், முன்சக்கரம் எல்லாம் தெரிந்த பட்டறையில் நிமிர்த்தி வந்தாகிவிட்டது. பதினோராவது உதையில் எஞ்சின் பிடித்தது. காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து காதால் தேடினேன். தம்பி பின்னால் குந்தி, இரண்டு சைலன்சருக்கும் பின்னே ஒவ்வொரு உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தான். குந்துவதற்கு அவன் காலை எப்படி ஒதுக்குகிறான் என்று இன்றைக்குத்தான் கவனித்தேன்.

"வலது வீக்கா வருது."

கால் சுற்று.

"இப்ப ஜாஸ்தி."

ஒரு மயிரிழை பின்னால். "ம். ரெண்டும் ஒண்ணு" என்றான்.

ஓட்டிப் பார்க்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அவனாகவே ஏறி உட்கார்ந்தான். நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டான், திருகி விட்டான். இருபது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் இறங்கியது. பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, பஸ்ஸில் போய்விட்டான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் பார்க்கிங் கோடி காலி. தம்பி வந்து சாவி வாங்கிப் போனதாக மனைவி சொன்னாள். "மெதுவாத்தான் போனார். தெருமுனை வரைக்கும் பாத்துட்டிருந்தேன்."

மே 7, வியாழன்

இன்றும் எட்டாவது மாடி. லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை.

சாயங்காலம் தம்பி போன். வேகத்தைக் குறைக்கும்போது சைலன்சரில் லேசாக வெடிக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா, பார்க்கிறேன் என்றேன்.

"கொண்டுவரேன்" என்றான். "ஆனா கழட்டறப்ப நான் பக்கத்துல நிப்பேன்."

நில்லு என்றேன்.