நான்கு வண்டிகள் நின்ற ஒன்பது நாள்

குடிகாடு
11.3.2012

அன்பு மகன் கதிரவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். மஸ்கட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் வாடாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் கும்பிடுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முழுவதும் படி.

புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் தோப்புகள் கிடக்கிற கிடை உனக்குத் தெரியும். விழுந்த பலாவையும் முந்திரியையும் பொக்லைன் ஓட்டித் தூக்கி லாரியில் ஏற்றுகிற வேலைக்கு நான், உன் சித்தப்பா பக்கிரி, கொளஞ்சி, தேவசகாயம் நாலு பேரும் ஒரே காண்ட்ராக்டரிடம் போய்க்கொண்டிருந்தோம். நாளைக்கு முந்நூற்றைம்பது. பஸ் கட்டணம் ஏறிவிட்டது, பால் ஏறிவிட்டது, பாதி நாள் கரண்ட் இல்லாததால் மெழுகுவர்த்திக்குக்கூடத் தனிக்காசு. தோப்புக்குப் போய் வந்து இரண்டு வேளை கடையில் தின்றால் நூறு ரூபாய் வழியிலேயே போகிறது. விடிந்து ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறக்கம், மரம் உருண்டால் கண்ணாடி நம் மூஞ்சியில்தான். ஐந்நூறு கொடுத்தால்தான் வண்டி ஏறுவது என்று ஐயனார் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தோம். தேவசகாயம் மட்டும் கற்பூரத்தைத் தொடவில்லை, எனக்கு என் வார்த்தையே போதும்ண்ணே என்றான். இதையெல்லாம் அன்றைக்கே உனக்குப் போனில் பெருமையாகச் சொன்னேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

ஒன்பது நாள் நாலு வண்டியும் நின்றன. கொளஞ்சி வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிக் கஞ்சிதான், ஆனாலும் அவன் அசையவில்லை. எட்டாம் நாள் காண்ட்ராக்டர் தானாக இறங்கி வந்து, நாலு பேரும் சேர்ந்து ஏறினால் நானூற்றெழுபது தருகிறேன் என்றார். இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் ஐந்நூறு நிச்சயம் என்று இருந்தோம். பத்தாம் நாள் காலையில் பழைய கூலிக்கே உன் சித்தப்பா வண்டி ஏறிவிட்டான். ஒருத்தன் வழிக்கு வந்தது தெரிந்ததும் காண்ட்ராக்டருக்குத் தெம்பு வந்துவிட்டது, மறுநாளே வெளியூரிலிருந்து மூன்று பேரை அதே கூலிக்குக் கூட்டி வந்துவிட்டார். எங்கள் மூன்று பேருக்கும் வேலை போயிற்று.

தெருவில் வைத்து அவனை அறைந்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. எம்மேல ஏன் பாயற, ஒம் மவன்தான் போன் பண்ணுனான், அப்பாவுக்கு இடுப்பு போயிடுச்சி, வீம்புல நிக்கறாரு, நீங்க ஏறிடுங்க சித்தப்பா, வேலை போனா தானா வூட்ல குந்துவாருன்னான், எம் பொண்ணு அனுப்பிரியாவுக்கு சிதம்பரத்துல காலேஜ் பீஸையும் நானே கட்டறேன்னுட்டான் என்றான். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, ஒங்க நல்லதுக்குத்தான செஞ்சான் என்றாள். அவளுக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

என் இடுப்பு வலி உண்மைதான். அதை என்னிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாமே? போன வருஷம் ஓவர்டைம் கொடுக்கவில்லை என்று உங்கள் கேம்பில் பதினாலு பேர் வண்டி ஏறாமல் உட்கார்ந்தீர்கள், ஒருத்தன்கூட வழுக்கவில்லையப்பா என்று சொன்னவன் நீ. அதை டீக்கடை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? மாசாமாசம் பணம் அனுப்புகிறேனே என்பாய். நீ அனுப்புவது நம் அடுப்புக்குச் சரி, கொளஞ்சி வீட்டு அடுப்புக்கு யார் அனுப்புவது? எவனோ செய்திருந்தால் ஆறியிருக்கும். தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய்ச் சொல்ல?

ஆனாலும் சொன்னேன். வியாழக்கிழமை கொளஞ்சியையும் தேவசகாயத்தையும் டீக்கடைக்குக் கூப்பிட்டு, பக்கிரியைத் திட்டாதீர்கள், ஏற்றிவிட்டது என் மகன் என்று என் வாயாலேயே சொன்னேன். தேவசகாயம் டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். கொளஞ்சி, இது ஒனக்குத் தெரியாமலா நடந்துச்சி என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பத்தொன்பது வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவன் அவன். என்னால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

லீவுக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வந்துவிடாதே. முதலில் அந்த இரண்டு வீட்டுக்கும் போய், அப்பாவுக்குத் தெரியாது, நான்தான் செய்தேன் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் இனிமேல் எடுபடாது. சித்தப்பாவிடம் ஒப்புக்கொண்ட பீஸை மட்டும் நிறுத்திவிடாதே, அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்.

வண்டியில் பெல்ட் போட்டு உட்கார். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் அந்த ஐயனார் காக்கட்டும், அவர் முன்னால் நிற்கத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ நினைத்தபடியே நடந்துவிட்டது, நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பொன்னுரங்கம்