மூன்றாவது வரிசை, ஏழாவது வீடு

20.8.2006, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவகிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் நைனாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே ஜெர்மனியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் அம்மனைக் கேட்டுக்கொண்டுதான் மீன் கூடையைத் தலையில் தூக்குகிறேன். மேலே விலாசம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். மறந்துபோகவில்லை, காரணம் இருக்கிறது, கடைசியில் எழுதுகிறேன். அதற்காக இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே, முதலிலிருந்து வரிசையாகப் படி, உனக்குப் பரீட்சைத் தாளைத் தவிர வேறு எதிலும் பொறுமை கிடையாது.

முதலில் நல்ல சேதி. உன் புது பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது, இந்த முறை நல்லபடியாக முடிந்தது. லியோனார்ட் என்று ஒரு ஏட்டையா, அவரே தன் கையால் எழுதி வியாழக்கிழமை அனுப்பிவிட்டார். அனுப்பிய நம்பரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார், அது இந்தக் கவரில் இருக்கிறது. கூடவே ரேஷன் கார்டு ஜெராக்ஸும், குப்பத்துப் பஞ்சாயத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடிதமும் வைத்திருக்கிறேன். உன் விசா செப்டம்பர் முப்பதோடு முடிகிறது, படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம் வேண்டும், பாஸ்போர்ட் கையில் இல்லாமல் நீட்டித்துத் தரமாட்டார்கள் என்று நீ சொன்னது அப்படியே என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்தத் தேதியை அரிசிப் பானை மூடியில் கூடச் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். டிராமில் பாஸ்போர்ட்டோடு பையை வைத்துவிட்டு இறங்கினாயே, நல்லவேளை தலையை மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்கினாய். சரி, திட்டவில்லை, அழாதே.

இப்போது கெட்ட சேதி, அதையும் நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ போன் செய்து, அம்மா அந்த விலாசத்தில் வீடே இல்லை என்று போலீஸ் எழுதி அனுப்பிவிட்டதாம், யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், போய்ச் சண்டை போடு என்று அழுதாயே, அப்போது லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்துவிட்டேன். அந்தப் போலீஸ்காரப் பிள்ளை எழுதியது பொய் இல்லை கண்ணு. நம் வீடு இல்லை. போன கார்த்திகையில் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. முதல் வரிசை நீ பிறப்பதற்கு முன்பே போனது, இரண்டாவது வரிசை போனபோது நீ ஒன்பதாவது படித்தாய், உன் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாய். நாம் மூன்றாவது வரிசை, நமக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தோம். நீ ஜெர்மனிக்குப் போன அதே வருஷக் கடைசியில் அந்தச் சுனாமி அலை வந்ததா, அப்போதே பின்சுவர் கீறல் விட்டுவிட்டது. அடுத்த வருஷ மழையில் ஒரு வாரமாகக் கடல் தணியவே இல்லை, ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அடுப்படிச் சுவர் உட்கார்ந்தது, விளக்கு வைப்பதற்குள் நம் வரிசையில் பாதி வீடு இல்லை. யாருக்கும் ஒரு கீறல் கூடப் படவில்லை, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். உன் சர்ட்டிபிகேட், புத்தகம், நீ பரிசு வாங்கிய குத்துவிளக்கு எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துவிட்டோம். உன் நைனா கடைசி நேரத்தில் வாசல் கதவைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அந்தக் கதவைக் கிடத்தி, அதன்மேல்தான் இப்போது நான் காகிதம் வைத்து எழுதுகிறேன்.

ஒன்பது மாதமாக உன்னிடம் சொல்லாமல் எப்படி இருந்தாய் என்று கேட்பாய். அப்போது உனக்குப் பரீட்சை, சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று பயந்தேன். பரீட்சை முடியட்டும் என்றேன், முடிந்ததும் பொங்கல் கழியட்டும் என்றேன், அப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நாங்கள் இப்போது காசிமேட்டில் ஹபீபுல்லா பாய் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நீ ஞாயிறுதோறும் போன் செய்கிறாயே, அது என்னிடம் மீன் வாங்கும் வீட்டு நம்பர் என்று சொன்னேனே, அது கீழ்வீடு, எடுப்பது பாயின் சம்சாரம் ஜெரினா அக்கா. நீ பழைய விலாசத்துக்குப் போடும் கடிதத்தை எல்லாம் தபால்காரர் லூர்து திருவொற்றியூர் மார்க்கெட்டில் என் கூடை முன்னால் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஒவ்வொரு தடவையும், பொண்ணுக்குச் சொல்லிட்டியாம்மா, எத்தினி நாளைக்கு நான் கடலுக்கு லெட்டர் எடுத்துகினு வர்றது என்று கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு மீன் ஆய்வேன். தப்புதான், பெற்ற பிள்ளையிடம் மறைத்தது தப்பு, எனக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. என்னை மன்னித்துவிடு.

நீ போன் செய்த மறுநாளே நானும் நைனாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். முதலில் வந்து பார்த்த பிள்ளை வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம், இந்த லியோனார்ட் ஏட்டையா இருந்தார், ராயபுரத்துக்காரர், நாற்பத்தைந்து வயசு இருக்கும். ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு, பேப்பர்ல எல்லாம் கரிக்ட்டாத்தான் கீது, ஆனா வூட்டைப் பார்த்தேன்னு நான் எழுதணும்னா பார்க்கணும்லமா, அங்க இன்னா கீது, கடல்தான் கீது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, கடல் எங்க சார் இருந்துச்சு, நாங்க இருந்த எடத்துக்கு அது வந்துச்சு, அதைப் புடிச்சிக் கேளுங்க என்று சத்தம் போட்டுவிட்டேன். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. உன் நைனாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஆபீஸ் என்றால் சுவரோடு சுவராக நிற்கிற ஆள். திடீரென்று, பார்க்கணும் அவ்ளோதான, வா சார் காட்றேன் என்றார். ஏட்டையா சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. காலையில் ஆறு மணிக்குக் கடல் படுத்திருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அந்த மனுஷர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை, மறுநாள் காலையில் ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். நம் பக்கம் கரை முழுக்கக் கருங்கல் கொட்டிவிட்டார்கள், அதனால் தெற்கே கொஞ்சம் மணல் இருக்கிற இடத்திலிருந்து நைனா போகிற ஃபைபர் படகைத் தள்ளினார்கள். ஏட்டையா பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றவர், எனக்கு நீச்சல் தெரியாது, வூட்டுக்கார அம்மாவும் வந்தாத்தான் நான் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பொம்பளை படகில் ஏறுவதா என்று கரையில் நின்ற பஞ்சாயத்தார் முகம் சுளித்தார்கள், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் அந்தப் படகின் விளிம்பைத் தொட்டதில்லை. உன் நைனா அவர்களைப் பார்த்து, அவ இன்னா மீன் புடிக்கவா போறா, தன் வூட்டுக்குத்தான போறா என்றார். நான் புடவையைச் சொருகிக்கொண்டு ஏறினேன்.

கடலுக்குள் மீன் கிடைக்கும் பாறையை உன் நைனா எப்படிக் கண்டுபிடிப்பார் என்று உனக்குத் தெரியும், கரையில் இருக்கும் இரண்டு அடையாளத்தை ஒன்றுக்கு நேராக ஒன்று வரும்படி பார்த்துக்கொண்டே போய் நிறுத்துவார். அன்றைக்கும் அதே மாதிரிதான், அம்மன் கோயில் கோபுரம் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வர வேண்டும், அந்தப் பக்கம் எண்ணூர்ப் புகைபோக்கி ஐஸ் கம்பெனிச் சுவரைத் தொட வேண்டும் என்று ஏட்டையாவுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். கருங்கல்லுக்கு அப்பால் கொஞ்ச தூரந்தான், எஞ்சினை நிறுத்திவிட்டு, இதான் சார் மூணாவது வரிசை ஏழாவது வூடு, நீ குந்திகினு கீறது நம்ம வாசல் என்றார். ஏட்டையா குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கேன் மிதந்துகொண்டிருந்தது. நைனா அதன் கயிற்றை இழுத்து அவர் கையில் கொடுத்தார். ஏட்டையா பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நைனா, அது எங்க வூட்டு அடிபம்பு சார், குழாய் இன்னும் கீழ நிக்குது, வர்றவன் போறவன் வலை மாட்டிக்கக் கூடாதுன்னு நான்தான் கேன் கட்டி வெச்சிகினு கீறேன் என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும் தேவகி. மாசத்துக்கு ஒரு தடவை பழைய கயிறு கேட்பார், நான் வலைக்கு என்று நினைத்துக் கொடுப்பேன். ஒன்பது மாதமாக இந்த மனுஷர் தனியாக வந்து கயிறு மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் உன்னிடம் மறைத்தேன், அவர் என்னிடம் மறைத்திருக்கிறார், நல்ல குடும்பம். எனக்கு அழுகை வந்துவிட்டது, போலீஸ்காரர் முன்னால் அழக் கூடாது என்று கடல் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

ஏட்டையா கயிற்றை விட்டுவிட்டு, பொண்ணு அங்க இன்னாமா படிக்குது என்று கேட்டார். கெட்ட தண்ணியைக் குடிக்கிற தண்ணியா ஆக்குற படிப்பு சார், இந்த அடிபம்புல உப்புத் தண்ணி வந்துச்சே, அதை எழுதித்தான் அந்த ஊர்க்காரங்க அவளைக் கூப்ட்டாங்க, இன்னும் ஆறு மாசந்தான் என்றேன். அவர் ஃபைலைப் பிரித்து, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டே எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். விண்ணப்பதாரரின் வீடு கடல் அரிப்பில் போய்விட்டது, இருந்த இடத்தை நேரில் பார்த்தேன், குடும்பம் இப்போது காசிமேட்டில் குடியிருக்கிறது, ஊர் முழுக்க இவர்களைத் தெரியும், பெண்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று இருந்தது. நிலையான விலாசம் என்ற இடத்தில் பழையதை அடித்துவிட்டுப் புதிது எழுதட்டுமா என்று கேட்டார். நைனா, அதை மாத்தாத சார் என்றார். சரி என்று இரண்டையும் எழுதிக்கொண்டார். கரைக்கு வந்ததும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார் பாவம், ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தச் சீட்டைக் கொண்டுபோய் அங்கே இருக்கும் நம் நாட்டு ஆபீஸில் காட்டி, பாஸ்போர்ட் எந்த அளவில் இருக்கிறது என்று கேள். அது கைக்கு வரத் தாமதமானால் செப்டம்பர் முப்பது வரை காத்திருக்காதே, முன்னாலேயே விசா ஆபீஸுக்குப் போய், பாஸ்போர்ட் வந்துகொண்டிருக்கிறது என்று இந்தக் காகிதங்களைக் காட்டு, உன் வாத்தியாரிடமும் படிப்பு முடிய ஆறு மாதம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள். வீட்டைப் பற்றிக் கேட்டால் கடல் எடுத்துக்கொண்டது என்றே சொல், கூச்சப்படாதே, அதில் நாம் செய்த தப்பு ஒன்றும் இல்லை. போனில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, அந்தப் பேச்சை இத்தோடு விடு. நீ வந்து நின்று பார்க்க இங்கே கருங்கல்தான் இருக்கிறது. குப்பத்து ஆட்களுக்கு வீடு கட்டித் தரப்போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறது, கணக்கெடுத்துப் போயிருக்கிறார்கள், பட்டியலில் நம் பெயர் இருப்பதை நானே கண்ணால் பார்த்தேன். கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். மாடியில் காற்று நன்றாக வருகிறது, ஜெரினா அக்கா வெள்ளிக்கிழமை ஆனால் ஏதாவது கிண்ணத்தில் கொடுத்து அனுப்புகிறாள், நான் நெத்திலி கொடுக்கிறேன், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் எங்களிடம் ஏதாவது மறைத்திருந்தால் இப்போதே எழுதிவிடு, இந்த ஒரு தடவைக்குத் திட்டமாட்டேன்.

நீ எடுத்த காரியம் நல்லபடி முடிந்து, விசா கிடைத்து, படிப்பில் பட்டம் வாங்கி, தீர்க்காயுசாக இருக்க அம்மாவும் நைனாவும் மனசார வாழ்த்துகிறோம். பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள், மடியில் வைக்காதே. உன் நைனாவிடம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன், வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். ஆறு மாசம் இன்னா, வோணும்னா ஒரு வருசமே இருந்து முடிச்சிகினு வரட்டும், வந்தா நேரா வாசல்லயே எறக்கி வுடறேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோவிந்தம்மா

இனி கடிதம் போட வேண்டிய விலாசம்:
ரா. கோவிந்தம்மா,
ஹபீபுல்லா பாய் வீட்டு மாடி,
காசிமேடு, ராயபுரம், சென்னை.