மஞ்சள் சீட்டு ஒட்டிய கோழி

ஜனவரி 3

நாத்தனாருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

வருஷக் கடைசி லீவு விருந்தன்று காலையில் என் ஃப்ரீசரைத் திறந்து, நாலு கோழி, இரண்டு கிலோ மீன், பட்டாணி, வெண்ணெய் எல்லாவற்றையும் வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டாயே, யாரைக் கேட்டுப் போட்டாய்? நான் குளித்துவிட்டு வருவதற்குள் குப்பை வண்டியே வந்து போய்விட்டது! “எல்லாம் தேதி முடிஞ்ச சாமான் அண்ணி, இதைப் போய் மனுஷன் தின்பானா?” என்று பதினாலு பேர் முன்னால் கேட்டாய்.

தேதி முடிகிற அன்று சாயங்காலம், கடையில் மஞ்சள் சீட்டு ஒட்டிப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். அன்றைக்கே வாங்கி அன்றைக்கே உறைய வைத்தால் ஒன்றும் கெடாது. உன் அண்ணனுக்கு ஆலையில் ஓவர்டைம் நின்று எட்டு மாதம் ஆகிறது. “இந்த வருஷம் விருந்து வேணாம்” என்றார். “வருஷத்துல ஒரு நாள் எல்லாரும் வர்றாங்க, வாயைக் கட்டி வயித்தைக் கட்டியாவது போடுறேன்” என்று நான்தான் சொன்னேன். இரண்டு மாதம், வேலை முடிந்து, சீட்டு ஒட்டுகிற பெண்ணின் பின்னாலேயே கூடையோடு அலைந்தேன். குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்தேன்.

நீ ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்தாய். எல்லாரும் உன்னைப் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்டார்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அடுத்த லீவுக்கு நீ இங்கே வர வேண்டாம்.

உன் அண்ணி

ஜனவரி 11

அண்ணிக்கு,

பிறந்த வீட்டுக்கு வராதே என்று சொல்ல நீங்கள் யார்? உங்களுக்கு முன்னால் இருந்தே அது என் வீடு.

கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? ஆளுக்கு ஒன்று சமைத்து எடுத்து வந்திருப்போமே! பெருமைக்கு விருந்து வைத்துவிட்டுப் பழியை என் தலையில் போடுகிறீர்கள். உங்கள் மானம் போகாமல் நல்ல சாப்பாடு வாங்கிப் போட்டேன். நன்றி சொல்ல வேண்டாம், ஏசாமலாவது இருங்கள்.

நாத்தனார்

ஜனவரி 18

நன்றியா? உனக்கா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதே.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கீழே விழுந்த ரொட்டியைக்கூட ஊதித் தின்கிறவள் நீ. உன் அண்ணனே சொல்கிறார், “அவ சாப்பாட்டைக் குப்பையில போடுற ஆளே இல்லையே” என்று. பிறகு ஏன் செய்தாய்? உள்ளதைச் சொல். பூசி மெழுகினால் கிழித்துப் போடுவேன்.

அண்ணி

ஜனவரி 27

அண்ணி,

உள்ளதைச் சொல்கிறேன். ஃப்ரீசரை முதலில் திறந்தது நான் இல்லை. ஐஸ் எடுக்க என் மாமியார்தான் திறந்தார். மஞ்சள் சீட்டைப் பார்த்தார். “உன் பொறந்த வீட்லயும் இதே கதைதானா?” என்று சிரித்தார்.

‘இதே கதை’ என்றால் புரிகிறதா? என் வீட்டுக்காரருக்கு ஜூலையில் வேலை போய்விட்டது. ஆறு மாதமாக எங்கள் வீட்டிலும் மஞ்சள் சீட்டுதான். நானும் இங்கே ஒரு பெண்ணின் பின்னால் கூடையோடு நிற்கிறேன். தெரிந்தவர்கள் வந்தால் சோப்பு அடுக்குப் பக்கம் ஓடிவிடுகிறேன். மாமியார் குத்திக் காட்டும்போதெல்லாம், “எங்க அண்ணி வீட்டு விருந்துக்கு வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க” என்பேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதுவும் போனதும் வெறி பிடித்துவிட்டது. உங்கள் மேல் அவ்வளவு கோபம்! வாரிக் கொட்டினேன். கடைக்குப் போவதாகச் சொல்லிப் போய், சங்கிலியை அடகு வைத்து ஓட்டலுக்குக் கொடுத்தேன்.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். வர வேண்டாம் என்றால் வரவில்லை.

நான்தான்

பிப்ரவரி 2

அடியே,

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பினார். இழுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

என் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே, இப்போதுதான் ஏறுகிறது. நாலு கோழியைக் குப்பையில் போட்டதைக்கூட மறந்துவிடுவேன். நாங்கள் இரண்டு பேர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அதை மறக்க மாட்டேன். நானும் சொல்லவில்லைதான். அதற்கு நீ நேரில் வந்து என்னைத் திட்டிக்கொள்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வந்து சேருங்கள். மஞ்சள் சீட்டுக் கோழிதான் சமைக்கப் போகிறேன். மாமியாரை விட்டுவிட்டு வராதே. வந்து, என் சமையலறையில் நின்று, “எங்க வீட்ல இதுதான் சாப்பாடு, உக்காருங்க அத்தை” என்று அவரிடம் நீயே சொல்ல வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாயோ, அடி விழும்.

அண்ணி