ஆறவும் ஊறவும்

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. மதியத்துக்கு மேல் செங்கம் ரோட்டில் ஆட்டோ நகராது. அடி அண்ணாமலைக்கு வீடு வந்து சேர வேண்டுமே என்று பன்னிரண்டு மணிக்கே கம்பெனியை விட்டுக் கிளம்பிவிட்டேன். கிரிவலம் வருகிறவர்கள் காலில் தடவிக்கொள்ளும் ஜெல் செய்கிற எங்களுக்கு அவர்களைக் கண்டால் பயம்!

புதுப் பசைப்பொடி வந்திருக்கிறது. பழையதை வெந்நீரில் தூவி, சூடு ஆறினதும் அடுத்த வேலையைப் பார்க்கலாம். இது மறுநாள் காலை வரை ஊற வேண்டும். ஊறினால்தான் கெட்டிப்படும். பாட்டிலில் அசையாமல் நிற்கும், தேய்த்தால் இளகும், கையை எடுத்தால் மறுபடி நிற்கும். கலவை போடுகிற கன்னியம்மாள் அக்காவுக்குச் செய்முறையை அவசரமாகத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

காலையில் டிரம்மைத் திறந்தால் தண்ணீர். நடுவே ஜவ்வரிசி மாதிரிக் கட்டிகள். கெட்டித்தன்மை அளக்கிற விஸ்கோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். எட்டாயிரம் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டாயிரத்து நூறு. முதலாளி வல்லரசு சார் வந்துவிட்டார். லேபிள் ஒட்டுகிற பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"ஊற வைக்கலியா?" என்றார் சார்.

"தாள்ல ஆற வைன்னுதான் சார் இருந்துச்சு. ஆற வெச்சேன், சாயங்காலமே மத்ததக் கலந்துட்டேன்" என்றார் அக்கா.

தாளை எடுக்க லேபுக்குப் போனேன். ஃபைலில் இருந்தது. என் கையெழுத்து. 'பொடியைத் தூவி ஆற விடவும்.' ஆற! பழைய பொடிக்கு நாலு வருஷமாக எழுதி எழுதிப் பழகின கை.

திரும்பி வந்து நான் சொன்னது: "ஊறன்னுதான் சார் எழுதினேன். தாளைக் காணோம்."

தாள் என் சுடிதார் பையில் இருந்தது.

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க கையில தாளக் குடுத்தா இப்டித்தான் ஆவும்" என்றார் சார். அக்காவைப் பாட்டில் கழுவுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொன்னதை நம்பிவிட்டார்.

ஜூலை 12

போகவில்லை. ஜுரம் என்று பொய். பொய் சொல்ல இப்போது நன்றாகவே வருகிறது.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று நானே ஊற வைத்து இன்று கலந்தேன். எட்டாயிரத்து இருநூறு. "இதான் படிச்சவங்க வேலை" என்று சார் எல்லார் முன்னாலும் சொன்னார். ச்சீ. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மதியம் கை கழுவப் போனபோது அக்கா கேட்டார்: "மேடம், ஊன்னா மேல சின்னதா ஒரு ள உக்காந்திருக்கும்ல? அதப் பாக்காம உட்டுட்டனா நானு? எனுக்கு ஆ மாதிரிதான் தெரிஞ்சுது."

"இருக்கட்டும்க்கா, உடுங்க" என்றேன். மன்னிக்கிற தோரணையில்! யார் யாரை மன்னிப்பது?

ஜூலை 16

தாளை ஏன் இன்னும் கிழிக்கவில்லை? இரண்டு தரம் எடுத்தேன். திரும்பவும் மடித்து வைத்துவிட்டேன். நல்ல புத்தி ஒன்றும் இல்லை. கிழிக்கக்கூடத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

ஜூலை 19, சனி

இன்று பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். பஞ்சாயத்து ஸ்கூலில் சாயங்கால வகுப்புக்குப் போய் நாற்பது வயதில் எழுத்துப் படித்தவர். வழியில் தெரிகிற போர்டையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே நடப்பார். நாங்கள் கேலிகூடச் செய்வோம். இன்று ஒரு பஸ் வந்து நின்றது. போர்டை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆளிடம், "இது எங்கப்பா போவுது?" என்று கேட்டார்.

போளூர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். என்ன ஜென்மம் நான்? வேலையை மாற்றினது சார். அந்தக் கண்ணைப் பிடுங்கினது நான்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சார் கத்தியிருப்பார், ஒரு நாள் தலைகுனிந்து நின்றிருப்பேன், முடிந்திருக்கும். ஒரு டிரம் ஜெல்லைக் கொட்டிவிட்டு வேறு போடலாம். இதை என்ன செய்வேன்?

ஜூலை 22, செவ்வாய்

கொடுத்துவிட்டேன்.

பாட்டில் கழுவுகிற குழாயடியில். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதலில் தனக்குள், பிறகு வாய்விட்டு: "ஆ... ற. ஆற." மறுபடியும் படித்தார். மூன்றாவது தரம் விரலை வைத்து.

"இது ஆ தான மேடம்?"

"ஆ தான்க்கா. நான்தான் தப்பா எழுதினேன். தாள் அன்னிக்கே எங்கிட்ட இருந்துச்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். குழாயை மூடினார். "பதினோரு நாளா என் கண்ண நானே நம்பாம கெடந்தேன்" என்றார். நான் அழுதேன். "அழுவாத. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? அன்னிக்கி எல்லாரும் இருந்தாங்கல்ல?"

எல்லாரையும் அவரே கூப்பிட்டார். சார், லேபிள் பெண்கள், பேக்கிங் ஆட்கள். சொன்னேன். அக்கா தாளைப் பிரித்து உரக்கப் படித்தார், கடைசி வரி வரைக்கும், ஒரு எழுத்தும் திக்காமல். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கன்னிம்மா, நீ கலவைக்கே வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 23

லேபிள் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

பௌர்ணமி. மறுபடியும் மதியமே கிளம்ப வேண்டியிருந்தது. அடுத்த கலவைக்குத் தாள் எழுதிக் கொடுத்தேன். அக்கா என் எதிரிலேயே எழுத்தெழுத்தாகப் படித்தார். ஊற வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

"எத்தினி மணி வரிக்கும்னு போடல" என்றார். சரிதான், விட்டுவிட்டேன். போட்டுக் கொடுத்தேன்.

"இன்னொரு தாள்லயும் இதே மாதிரி எழுது. கையெழுத்துப் போடு."

எழுதினேன். ஒன்றை ஃபைலில் வைக்கச் சொன்னார். இன்னொன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும், கீதாஞ்சலி."